மூளையைத் திறக்கும் சாவி!

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். எந்தப் பூட்டானாலும் அதற்கென்று ஒரு சாவி உண்டு. சாவி பொருந்தினால்தான் பூட்டு திறக்கும்.

வளரும் மூளையிலும் அப்படித்தான்! ஒவ்வொரு உயிரணுவிலும் பல பூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு உரிய சாவி வந்தால்தான் உயிரணு வளரும்.

சுண்டெலி தந்த சாவி

இத்தாலியில் ரீட்டா லெவி மொண்டால்சினி என்று ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். யூதர் என்பதால் முசோலினி ஆட்சியில் வேலை இழந்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. படுக்கை அறையையே ஆராய்ச்சிக்கூடம் ஆக்கி, கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார்.

பின்னர் அமெரிக்கா சென்றார். நரம்பை வளரச் செய்யும் ஒரு பொருளை 1950-களில் கண்டுபிடித்தார். அது சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஏராளமாக இருப்பதைக் கண்டார், அவருடைய தோழர் ஸ்டான்லி கோஹென். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஊட்டி வளர்க்கும் உயிரணு

மூளையில் நரம்பணுக்களைச் சுற்றி 'கிளையா' என்ற உயிரணுக்கள் இருக்கின்றன. அந்தச் சொல்லுக்குப் 'பசை' என்று பொருள். நரம்புகளை ஒட்டிவைப்பதே அவற்றின் வேலை என்று முன்பு எண்ணினார்கள்.

அவை செய்யும் வேலையோ பெரிது! கிளையாவில் ஒரு வகை, மின்கம்பிக்கு ரப்பர் உறை போல நரம்புக்கு உறை போடுகிறது. இன்னொரு வகை, தைராய்டு சுரப்பி அனுப்பும் தைராக்சினை வாங்கி, வீரியமுள்ள பொருளாக மாற்றி நரம்பணுவுக்கு ஊட்டுகிறது. நரம்பணுவின் நடுக்கருவில் உள்ள பூட்டுக்கு அதுவே சாவி.

காலம் தவறினால்?

எலிக்குஞ்சு பிறந்த முதல் சில வாரங்களில் இந்த உறை மும்முரமாக உருவாகிறது. அப்போது தைராக்சின் இல்லாவிட்டால், உறைக்கு வேண்டிய புரதம் குறைகிறது. நரம்பு இணைப்புகளும் குன்றுகின்றன. உடனே கொடுத்தால் மூளை பெரும்பாலும் தேறுகிறது. காலம் கடந்து கொடுத்தால் முழுப் பலன் இல்லை!

மனிதனுக்கு இந்தக் காலம் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் மாதங்களில் கருவுக்குத் தாயின் தைராக்சின்தான் கதி. அதைச் செய்ய அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை. ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு!

உப்பில் இருக்கிறது

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை மலிந்திருந்தது. டாக்டர் ராமலிங்கசாமியும் தோழர்களும் 1956-ல் அங்கே சோதனை தொடங்கினார்கள். அயோடின் கலந்த உப்பு கொடுத்த பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது.

அது எங்கோ மலைநாட்டுக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. 2018-19-ல் நாடெங்கும் ஆய்வு நடந்தது. போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகித்த வீடுகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62 மட்டுமே. மாநிலங்களிலேயே கடைசி இடம்!

"தூத்துக்குடிக் கடல் உப்புதானே, அதில் அயோடின் இருக்காதா?" என்று கேட்கலாம். கடலில் விளைந்த சாதா உப்பில் அது மிகவும் சொற்பம். தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

ஆகவே தாய்மார்களே, பாக்கெட்டின் மேல் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உப்பை மூடிவையுங்கள். ஈரம் பட்டால் அயோடின் குறையும்.

பூட்டுச் சாவி தொலைந்தால் மறு சாவி செய்து தர நம் ஊரில் ஆள் உண்டு. மூளைக்கோ, உரிய காலத்தில் சாவி வந்தாக வேண்டும்.