ஒலிக்கூடம் – 14: பாடகர் எங்கே நிற்கிறார்?

புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில் இதைக் கவனித்திருப்பீர்கள். சாமான் இன்னும் வந்து இறங்கவில்லை. வெறும் சுவர், வெறும் தரை. “அடுப்பைப் பத்த வைங்க” என்று யாரோ சொல்வது கூடத்தில் மோதி, உள்ளறை வரை போய்த் திரும்புகிறது. ஒரு மாதம் கழித்துப் போனால் மெத்தையும் திரைச்சீலையும் துணி அலமாரியும் அந்த முழக்கத்தை விழுங்கியிருக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் காலி வீடா, குடியிருக்கும் வீடா என்று காது சொல்லிவிடும்.

பாடப்புத்தகம் இதை எதிர்முழக்கம் என்கிறது. ஸ்டுடியோவில் ரீவெர்ப். எதிரொலி வேறு: மலையடிவாரத்தில் கூப்பிட்டால் நம் சொல் தனியாகத் திரும்பி வருமே, அது. ரீவெர்ப்பில் எதுவும் தனித்துக் கேட்காது. ஆயிரக்கணக்கான மோதல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒரே வாலாக நீண்டு தேயும்.

இந்த வாலை முதலில் ஒழுங்காக அளந்தவர் வாலஸ் சபின். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் ஒரு விரிவுரை அரங்கு இருந்தது. அங்கே ஒரு சொல் அடங்க ஏறக்குறைய ஐந்தரை வினாடி ஆகும். அதற்குள் பேசுபவர் பத்துச் சொல்லாவது சொல்லி முடித்திருப்பார். எல்லாம் குழம்பிக் கூழாகிவிடும். சபின் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, காதுக்கு ஓசை மறையும்வரை நேரம் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த இரவுகளிலிருந்து கிடைத்ததுதான் இன்றும் நாம் கணக்குப் போடும் விதி: அறையின் கன அளவு கூடினால் வால் நீளும்; ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும். ஒலியின் அளவு 60 டெசிபல் இறங்க, அதாவது அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய, ஆகும் நேரமே ரீவெர்ப் நேரம். ரீவெர்ப் சேர்க்கும் மென்பொருளில், அதாவது உங்கள் பிளக்-இன்னில், ‘டிகே’ என்று எழுதியிருக்கும் குமிழ் இதைத்தான் திருகுகிறது.

சபின் குறைக்கப் பாடுபட்டதை ஒலிப்பதிவுக்காரர்கள் கூட்டப் பாடுபட்டார்கள். நல்ல ஸ்டுடியோ என்றால் சுவரெல்லாம் உறிஞ்சும் அறை. அங்கே பதிவான குரல் சுத்தமாக இருக்கும், ஆனால் எந்த இடத்துக்கும் சொந்தமில்லாமல் இருக்கும். 1947இல் சிகாகோவில் பில் புட்னம், ஹார்மோனிகேட்ஸ் குழுவின் ‘பெக் ஓ மை ஹார்ட்’ பாட்டுக்காகக் கட்டடத்தின் கழிவறையில் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் வைத்தார். வாத்திய ஒலியை அங்கே அனுப்பி, அந்த அறையின் முழக்கத்தோடு திரும்ப எடுத்து, மூலத்தோடு கலந்தார். ரீவெர்ப்பை வேண்டும் அளவுக்குச் சேர்க்கலாம், குறைக்கலாம் என்பது அங்கே தெளிவானது.

எல்லோருக்கும் தனி முழக்க அறை கட்ட முடியாது. 1957இல் ஜெர்மனியின் ஈஎம்டி நிறுவனம் அறைக்குப் பதிலாக ஒரு இரும்புத் தகட்டை விற்றது. ஈஎம்டி 140 என்று பெயர். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம், அரை மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு சட்டத்தில் விறைப்பாகத் தொங்கும். ஒரு சுருள் அதை அதிரவைக்கும். வேறொரு இடத்தில் ஒட்டியிருக்கும் உணர்கருவி அந்த அதிர்வை வாங்கும். பக்கத்தில் உள்ள தணிப்புப் பலகையைத் தகட்டுக்கு அருகே கொண்டுவந்தால் வால் குறுகும். பெட்டியோடு கால் டன்னுக்கு மேல் கனம் என்றாலும், ஓர் அறை கட்டுவதைவிட எளிது.

தகட்டில் எனக்குப் பிடித்தது அதன் குணம். அறையில் முதலில் நேர்க்குரல், பிறகு சின்ன இடைவெளி, பிறகு சுவர்களின் பதில். தகட்டில் அந்த இடைவெளியே கிடையாது, அடித்தவுடன் அடர்த்தி. அதனால்தான் அது குரலுக்கு வழவழப்பைத் தருகிறது, இடத்தைத் தருவதில்லை. இடம் வேண்டும் என்றால் அந்த இடைவெளியை நாமே உண்டாக்க வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பெர்லின் ஒலிப்பதிவு. 1977 கோடையில் ஹான்சா ஸ்டுடியோவில் டேவிட் போவி ‘ஹீரோஸ்’ பாடினார். பெர்லின் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்த கட்டடம். மைஸ்டர்சால் என்ற பெரிய மண்டபம் அதற்குள் இருந்தது. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று வாயிலிருந்து சுமார் ஒன்பது அங்குலத்தில். அடுத்தது சுமார் ஆறு மீட்டரில். மூன்றாவது சுமார் பதினைந்து மீட்டரில். தூரத்து மைக்குகள் இரண்டிலும் ‘கேட்’ போட்டிருந்தார். மெல்லப் பாடும்போது அவை மூடியே இருக்கும். குரல் உயர்ந்தால் இரண்டாவது திறக்கும். உச்சத்தில் கத்தினால்தான் மூன்றாவது. பாட்டு காதோரப் பேச்சாகத் தொடங்கி, போகப்போக மண்டபம் முழுவதும் விரிவது அதனால்தான். குமிழைத் திருகி அந்த விரிவை உண்டாக்கவில்லை. பாடியவரின் மூச்சே கதவைத் திறந்தது.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மில்லிவினாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் மைக்குக்குக் குரல் 17 மில்லிவினாடி கழித்துப் போய்ச் சேரும். பதினைந்து மீட்டருக்கு 44. பிளக்-இன்னில் ‘ப்ரீ-டிலே’ என்று நாம் தொடாமலே விட்டுவைக்கும் குமிழ், இந்தத் தூரத்தைத்தான் எண்ணாகக் கேட்கிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு பெரிய ‘ஹால்’ போடுவேன். தபேலா ஒரு மண்டபத்தில், புல்லாங்குழல் இன்னொரு மண்டபத்தில், பாடகி மூன்றாவதில். ஒரே பாட்டில் யாரும் யாரோடும் சேர்ந்து நிற்கவில்லை. இப்போது மிக்ஸிங் தொடங்குமுன் இவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொள்கிறேன். திண்ணையா, கல்யாண மண்டபமா, கல் பிராகாரமா? அதற்கேற்ற ஒரே ரீவெர்ப்பைத் தனி ‘பஸ்’ஸில் போட்டு, எல்லா டிராக்கிலிருந்தும் வெவ்வேறு அளவில் அனுப்புகிறேன். குறைவாக அனுப்பினால் ஆள் முன்னே வருவார், கூட்டினால் பின்னே போவார். ரீவெர்ப்புக்கு அனுப்பும் ஒலியில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுவது ‘அபே ரோடு முறை’ என்று எங்கள் தொழிலில் பேர் பெற்றது. கீழே வெட்டினால் மிருதங்கத்தின் தொப்பி இரையாது. மேலே வெட்டினால் குரலின் ‘ஸ்’ தெறிக்காது.

தமிழில் பாட்டுப் பதிவு செய்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். நம் வல்லின இரட்டிப்பில் ஒரு மௌனம் இருக்கிறது. ‘பாட்டு’ என்னும்போது நாக்கு மேலே ஒட்டி, ஒரு கணம் ஓசையே இல்லாமல் நின்று, பிறகு விடுகிறது. ‘பாடு’ என்பதில் அந்த நிறுத்தம் இல்லை. நீண்ட வாலுள்ள ரீவெர்ப் அந்த ஒரு கண மௌனத்தை நிரப்பிவிடும். ‘பாட்டு’ ‘பாடு’வின் பக்கம் சாயும். குரலைக் கூட்டியும் சொல் புரியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ப்ரீ-டிலேயை 30 மில்லிவினாடி அளவுக்குத் தள்ளுங்கள், வாலைக் குறையுங்கள், பிறகு ‘ட்ட’, ‘க்க’, ‘ப்ப’ வரும் இடங்களை மட்டும் நாலைந்து முறை ஓட்டிக் கேளுங்கள்.

கையில் இரண்டு மைக் இருந்தால் பிளக்-இன்னுக்கு முன் வீட்டையே முயன்று பாருங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி, புட்னத்தின் கழிவறைக்குக் குறைந்ததில்லை. கதவைத் திறந்துவைத்துப் பாடி, இரண்டாவது மைக்கைப் படிக்கட்டில் வையுங்கள். இரண்டையும் தனித்தனி டிராக்கில் எடுத்தால் அளவைப் பிறகு முடிவு செய்யலாம்.

ஹான்சாவில் விஸ்கான்டிக்கு அந்த வசதி இல்லை. 24 டிராக் நாடாவில் குரலுக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. மூன்று மைக்கும் அந்த ஒரே டிராக்கில் கலந்து இறங்கின. எவ்வளவு மண்டபம், எவ்வளவு வாய் என்பதைப் பாடும்போதே தீர்மானித்தாக வேண்டும். போவி இன்னொரு முறை பாட விரும்பினால், முந்தைய முறை பாடியது அதே நாடாவில் அழிந்துகொண்டே வரும்.

(தொடரும்)