பித்தக் குழாய்க்குள் கதிர்

"உள்ளுக்கு ரேடியேஷன் வெச்சவருக்குக் கிட்டப் போகலாமா?" பித்தக் குழாய்ப் புற்றுநோயாளிகளின் வீடுகளில் மெதுவாகக் கேட்கப்படும் கேள்வி இது. நோய் விசாரிப்பது சுன்னத் என்று தெரிந்தவர்களும் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.

குழாயில் கட்டி அடைத்தால் பித்தம் இரத்தத்தில் கலந்து செங்கண்மாரி காணும், உடம்பெல்லாம் கடிக்கும். பித்தத்தை வடிக்க நுழைக்கும் மெல்லிய குழாயே கதிருக்கும் வழியாகிறது. வயரின் நுனியில் உள்ள அரிசிமணியளவு இரிடியம்-192ஐ இயந்திரம் கட்டிவரை தள்ளும். சில நிமிடங்களில் திரும்ப இழுத்துவிடும். தூரம் இரட்டித்தால் கதிரின் வலு காற்பங்காகும். அதனால் கட்டிக்கு அதிகம், பக்கத்துக் குடலுக்குக் குறைவு. பெரும்பாலும் இது நோயை வேரறுப்பதில்லை, அடைப்பைத் தள்ளிப்போடும். வயரை எடுத்தபின் உடம்பில் கதிரியக்கம் துளியும் இல்லை. பேரப்பிள்ளையைத் தாராளமாக மடியில் வைக்கலாம்.

ஈரலுக்குள்ளேயே உள்ள கிளைக் குழாய்களில் வரும் கட்டிக்கு வேறொரு முறை உண்டு. இட்ரியம்-90 ஏற்றிய நுண்மணிகளை ஈரல் நாடி வழியாக விடுவார்கள். அவை உள்ளேயே தங்கிவிடும். 64 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவற்றின் கதிரியக்கம் பாதியாகும். இங்கே மட்டும், வைத்தியர் சொல்லும் சில நாள்களுக்குக் கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் நெருங்கி இருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.