காப்பிக் கொட்டைக்கு மார்க்குப் போடுவது யார்? சல்லடையா, நாக்கா?

காப்பிக் கொட்டை வாங்கக் கடைக்குப் போகிறோம்.

"ஏ கிரேடு வேண்டுமா, பீபரி வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்கிறார். "கூர்க் கொட்டையா, ஏற்காட்டுக் கொட்டையா?" என்று நாம் கேட்கிறோம்.

"ருசி எப்படி?" என்று மட்டும் யாரும் கேட்பது இல்லை!

குடிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம். ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மலை மக்களுக்கு இது பிழைப்புப் பற்றிய விஷயம்.

வத்தல் மலை

தர்மபுரி நகரில் இருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, வத்தல் மலை. கொண்டை ஊசி வளைவுகளில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். மேலே ஊர்கள் இருப்பது 3 ஆயிரம் அடிக்கு மேல்.

அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது என்பார்கள். பேசுவது தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

சாமையும் ராகியும் விளைந்த அந்த மலையில் காப்பியும் விளைகிறது. நிழலுக்குச் சில்வர் ஓக் மரம். மரத்தில் மிளகுக் கொடி. கீழே காப்பிச் செடி. பெரிய எஸ்டேட்டுகள் அல்ல. குடும்பத்துக்குக் கொஞ்சம் என்று சின்னச் சின்னத் தோட்டங்கள்.

பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலை இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். 200 ஆண்டுகளில் ஏற்காடு பெரிய பெயர் வாங்கிவிட்டது. மூட்டையின் மேல் "ஏற்காடு" என்று எழுதினாலே ஒரு மதிப்பு!

வத்தல் மலைக்கு அந்தப் பெயர் இல்லை. தர்மபுரியில் தினமும் காப்பி குடிக்கிறவர்களிலேயே சிலருக்கு, தங்கள் மாவட்டத்தில் காப்பி விளைவது தெரிந்திராது.

பெயர் இல்லாத காப்பி எதைச் சொல்லி விலை கேட்கும்? ருசியைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

சல்லடை சொல்வது என்ன?

"ஏ கிரேடு" என்றால் முதல் தரமான ருசி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

கொட்டைகளைச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். 6.65 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளையில் விழாமல் மேலே நிற்கிற பெரிய கொட்டை "ஏ". அதைவிடச் சிறியது "பி". இன்னும் சிறியது "சி".

பீபரி என்பது வேறு சங்கதி. சாதாரணமாக ஒரு காப்பிப் பழத்துக்குள் 2 விதைகள் ஒட்டிக்கொண்டு இருக்கும். சில பழங்களில் ஒரே விதை உருண்டையாக வளர்ந்துவிடும். அதுதான் பீபரி.

சல்லடை வீண் என்று சொல்ல முடியாது. ஒரே அளவான கொட்டைகள் ஒரே சீராக வறுபடும். கறுத்த கொட்டை, உடைந்த கொட்டை எவ்வளவு என்றும் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். ஆனால் கொட்டையின் உள்ளே இருக்கிற ருசி சல்லடைக்குத் தெரியாது.

கடத்தூர் வெல்லச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு இது புரியும். பளிச்சென்று வெளுத்த வெல்லம் கண்ணுக்கு அழகாக இருக்கும். மருந்து போட்டு வெளுத்ததாகவும் இருக்கலாம். ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்!

ருசி எங்கே பிறக்கிறது?

உயரமான மலையில் பழம் மெல்லப் பழுக்கும். கொட்டை கெட்டியாகும். இது மலை கொடுக்கும் வரம். மற்றது மனிதன் கையில்.

சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக் காயும் சேர்ந்தால் காப்பி துவர்க்கும். ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுப்பது இல்லை. ஆகவே திரும்பத் திரும்பப் போய்ப் பறிக்க வேண்டும். கூலி கூடும். அவசரப்பட்டவர்கள் கிளையோடு உருவிவிடுவார்கள்.

பறித்த பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் சொத்தை மிதக்கும். அதை அள்ளிவிட்டு, அன்றைக்கே தோலை உரிக்க வேண்டும். பழத்தைச் சாக்கில் கட்டிப் போட்டு வைத்தால் புளித்துப்போகும். பிறகு கொட்டையின் மேல் உள்ள வழவழப்பைப் போக்கிக் கழுவி, ஈரம் நூற்றுக்கு 10, 11 பங்கு ஆகும்வரை காய வைக்க வேண்டும். மண்தரையில் காய வைத்தால் மண் வாசனை ஏறும். மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

5 அல்லது 6 கிலோ பழத்துக்குக் கிடைப்பது 1 கிலோ கொட்டைதான். இவ்வளவு பாடுபட்டவருக்கும், கிளையோடு உருவியவருக்கும் ஒரே விலை கிடைத்தால், அடுத்த ஆண்டு யார் பாடுபடுவார்கள்?

ஒரு காலத்தில் நாடு முழுவதும் ஏறக்குறைய இந்த நிலைதான் இருந்தது. 1942-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காப்பி போர்டு, விளைந்த காப்பியை எல்லாம் பொதுவில் சேர்த்து விற்றது. ஒரு தோட்டத்துக் காப்பி இன்னொரு தோட்டத்துக் காப்பியோடு கலந்தது. 1996-ல்தான் விவசாயிகள் முழுவதையும் தாங்களே விற்கும் உரிமை வந்தது. அதன் பிறகே "என் தோட்டத்து ருசி" என்று ஒருவர் தனியே விலை பேச முடிந்தது.

உறிஞ்சிக் குடிக்கும் பரீட்சை

ருசி பார்ப்பதற்கு என்றே பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும்!

இளவறுப்பாக வறுத்த தூள் 8.25 கிராம். தண்ணீர் 150 மில்லி; சூடு ஏறத்தாழ 93 டிகிரி. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. ஒரே மூட்டைக் காப்பிக்கு 5 கிண்ணம் வைப்பார்கள். ஒரு கெட்ட கொட்டை ஒளிந்திருந்தாலும் ஏதாவது ஒரு கிண்ணம் காட்டிக்கொடுத்துவிடும். கிண்ணத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. எண் மட்டும் இருக்கும்.

4 நிமிடம் கழித்து, மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்கி முகர்வார்கள். சற்று ஆறியதும் "சுர்" என்று சத்தம் வர உறிஞ்சுவார்கள். அப்படி உறிஞ்சினால்தான் காப்பி வாய் முழுவதும் தெறிக்கும். வாசனை மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிடுவார்கள். மணம், புளிப்பு, இனிப்பு, கனம், விழுங்கிய பின் நிற்கும் சுவை என்று தனித்தனியே மார்க்கு. உலகில் பல ஆண்டுகளாக நடந்துவரும் கணக்குப்படி 100-க்கு 80 வாங்கினால் அது சிறப்புக் காப்பி.

ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கிலும் காப்பி வளர்ப்பவர்கள் பழங்குடி மக்கள்தான். அங்கேயும் சின்னச் சின்னத் தோட்டங்கள்தான். கிரேடுக்கு மேலே ருசியைப் பார்த்துப் பழகிய பிறகு, 2017-ல் பாரிஸ் நகரத்தில் அரக்குக் காப்பிக்கு என்றே ஒரு கடை திறந்தது. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முதலில் ருசி, பிறகு பெயர்.

வீட்டில் பார்க்கலாம்

உங்கள் வீட்டிலும் இந்தப் பரீட்சை நடத்தலாம். 2 கடையில் கொஞ்சம் கொஞ்சம் தூள் வாங்குங்கள். எது எந்தக் கடைத் தூள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லாமல், 2 டம்ளரில் ஒரே அளவு போட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள். பால் வேண்டாம்.

சூடாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம். ஆறட்டும். நல்ல காப்பி ஆறிய பிறகும் குடிக்க முடியும். கெட்ட காப்பி ஆற ஆறத் தன் குறையைக் காட்டும்.

ஒரு விஷயம். தூளில் சிக்கரி இருக்கக் கூடாது. நம் நாட்டுச் சட்டப்படி சிக்கரி கலந்த காப்பித் தூளில் காப்பி 51 சதவீதம் இருந்தால் போதும். பாக்கி 49 சதவீதம் சிக்கரியாக இருக்கலாம். அதைக் குடித்துவிட்டுக் கொட்டை நல்லதா, கெட்டதா என்று எந்த நாக்கினாலும் சொல்ல முடியாது. எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பார்கள். எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கும், தேடிப் படியுங்கள்.