முதல் பார்பெக்யூ அடுப்பு வாங்கப் போறீங்களா? முதல்ல மூடியைப் பாருங்க!

பார்பெக்யூ உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு பில்லைப் பார்க்கும்போது பலருக்கும் தோன்றுவது ஒன்றுதான்... ‘இந்தக் காசுக்கு ஒரு அடுப்பையே வாங்கி மொட்டைமாடியில் போட்டிருக்கலாமே!’ அன்றிரவே மொபைலில் தேட ஆரம்பித்தால், ஓரிரு ஆயிரம் ரூபாய் தகரப் பெட்டியிலிருந்து, விலையைக் கேட்டாலே தலைசுற்றும் பீங்கான் அடுப்பு வரை வரிசைகட்டி நிற்கும். எதை வாங்குவது?

பெரும்பாலானோர் முதலில் வாங்குவது, காலை மடக்கி காரில் எடுத்துப்போகும் திறந்த பெட்டி அடுப்பு. அதில் தவறில்லை. கம்பியில் கோத்த பன்னீர், சோளம், மெல்லிய வஞ்சிரம் துண்டு, எலும்பில்லாத சிக்கன் எல்லாம் அதில் அருமையாக வரும். சிக்கல் தொடங்குவது லெக் பீஸில்தான். மசாலா கருகி வாசம் வந்துவிடும். எலும்பை ஒட்டிய சதையோ சிவப்பாகவே இருக்கும். காரணம், அந்த அடுப்பில் சூடு கீழிருந்து மட்டுமே வருகிறது. மேலே போகும் சூட்டைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை.

சுடுவது வேறு... புகையூட்டுவது வேறு!

கிரில் என்பது தணலுக்கு நேர் மேலே வைத்து, அதிகச் சூட்டில், சில நிமிடங்களில் முடிக்கும் சமையல். ஸ்மோக்கிங் இதற்கு நேர் எதிர். சுமார் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில், தணல் மேலே படாமல், மரப்புகையில் மணிக்கணக்காக வேகவிட வேண்டும். புகை நமக்குப் புதிதல்ல. தேங்காய்ச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடு, சூரை மீனை அவித்து, புகைபோட்டு, காயவைத்துச் செய்வதுதானே!

ஒரே அடுப்பில் இரண்டையும் செய்ய வேண்டுமென்றால், இறுக்கமான மூடியும், மேலும் கீழும் திறந்து மூடக்கூடிய காற்றுத் துளைகளும் வேண்டும். நிறம், சக்கரம், பக்கவாட்டுத் தட்டு எல்லாம் அப்புறம்தான்.

இந்த மூடியின் கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவின் சிகாகோவில், வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஜார்ஜ் ஸ்டீபன். திறந்த அடுப்பில் காற்றோடும் சாம்பலோடும் மல்லுக்கட்டி அலுத்துப்போனவர். அவருடைய பட்டறையில் தண்ணீரில் மிதக்கவிடும் உலோக மிதவைகளைச் செய்துவந்தார்கள். 1952-ல் அப்படியொரு மிதவையின் உருண்டையைப் பாதியாக்கி, ஒரு பாதியை அடுப்பாகவும் இன்னொன்றை மூடியாகவும் மாற்றினார். இன்று ‘கெட்டில் கிரில்’ என்று விற்கப்படும் உருண்டை அடுப்புகளின் தொடக்கம் அதுதான்.

முதல் அடுப்புக்கு இந்தக் கெட்டில் வகையே சரியான தேர்வு. கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, லெக் பீஸை மறுபக்கம் வைத்து மூடினால், சூடு மூடியில் பட்டுத் திரும்பி அவன் போலச் சுற்றி வரும். உள்ளே வெந்ததும் தணல் பக்கம் நகர்த்தி மேல்தோலை மொறுமொறுப்பாக்கலாம். கீழ்த் துளையைத் திறந்தால் சூடு ஏறும், குறைத்தால் தணியும். மேல் துளை திறந்தே இருக்கட்டும். புகை உள்ளே தேங்கினால் கறி கசக்கும்.

ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு 57 செ.மீ. விட்டமுள்ளது தாராளம். மூன்று, நான்கு பேருக்கு 47 செ.மீ. போதும். கடையில் பார்த்து வாங்குபவர்கள் ஒரு சின்ன சோதனை செய்யலாம். மொபைல் டார்ச்சை உள்ளே எரியவிட்டு மூடிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி வெளிச்சம் கசிந்தால், நாளை சூடும் புகையும் அந்த வழியாகத்தான் போகும். தகடு கையால் அழுத்தினாலே நெளிகிறதென்றால் வேண்டாம்.

டிரம் வடிவ அடுப்பு கூட்டம் கூடும் வீட்டுக்கு நல்லது, ஆனால் கரியை விழுங்கும். பக்கவாட்டில் தனி நெருப்புப் பெட்டி வைத்த ஸ்மோக்கர்களில் மலிவானவை பார்க்கத்தான் கம்பீரம். மெல்லிய தகட்டில் சூட்டை ஒரே நிலையில் பிடித்துவைப்பது புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. தடித்த பீங்கானாலான கமாடோ சூட்டைப் பிடித்துவைப்பதில் கில்லாடி. விலையும் எடையும்தான் பயமுறுத்தும். வெல்டிங் பட்டறையில் பழைய டிரம்மைக் கொடுத்துச் செய்பவர்கள், ரசாயனம் இருந்த டிரம்மையும் துத்தநாகம் பூசிய தகட்டையும் தவிர்த்துவிடுங்கள். சூடேறினால் நச்சுப்புகை வரும்.

கரி எங்கே கிடைக்கும்?

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலக் கரியே போதும். நன்றாகச் சூடு தரும்; சில நேரம் பொறி பறக்கும், அவ்வளவுதான். கொட்டாங்குச்சிக் கரியை அச்சில் அழுத்திச் செய்த கட்டிகள் சீராகவும் நீண்ட நேரமும் எரியும் என்பதால் ஸ்மோக்கிங்குக்கு ஏற்றவை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கறியில் ஏறும். அடியில் துளையிட்ட தகர உருளையில் கரியை நிரப்பி, கீழே காகிதத்தைக் கொளுத்தினால் 15 முதல் 20 நிமிடங்களில் தணல் தயார். மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே சமைக்க வேண்டும்.

புகைக்கு நன்கு காய்ந்த மா அல்லது கொய்யாக் கட்டை இரண்டு துண்டு போதும். பெயின்ட் அடித்தது, பிளைவுட், பிசின் வடியும் மரம் கூடவே கூடாது. அதோடு, ஒரு குத்துத் தெர்மாமீட்டரும் வாங்கிவிடுங்கள். சிக்கனின் தடித்த பகுதியில் 74 டிகிரி காட்டினால் தைரியமாகப் பரிமாறலாம்.

வீட்டுக்குள் மட்டும் வேண்டாம்!

அடுப்பை எங்கே வைப்பது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். எரியும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. குளிருக்கு இதமாக இருக்குமே என்று சமைத்து முடித்த அடுப்பை விடுதி அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவே இல்லை என்ற செய்திகள் மலைப்பிரதேசங்களிலிருந்து அவ்வப்போது வருகின்றன. தீ தெரியவில்லை என்பதற்காகத் தணல் அணைந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தாலும் சரி, கண்ணாடி போட்டு அடைத்த பால்கனியும் சரி, பாதுகாப்பில்லை. திறந்த மாடி இல்லாத ஃபிளாட்வாசிகள் கரி அடுப்பை மறந்துவிட்டு எலெக்ட்ரிக் கிரில் பக்கம் போவதே நல்லது.

மாடி இருப்பவர்களும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, துணி காயும் கொடி இரண்டிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். திடீரென மழை வந்தால் அடுப்பை உள்ளே தூக்காதீர்கள். மூடியைப் போட்டு மேல், கீழ்த் துளைகளை அடைத்துவிட்டால் காற்றில்லாமல் தணல் மெல்ல அணையும். மிச்சக் கரி அடுத்த வாரத்துக்கு ஆகும். அணையும்வரை அது வெளியிலேயேதான் இருக்க வேண்டும். சாம்பலையும் அன்றே குப்பைக் கவரில் கொட்டக் கூடாது. மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு இரண்டு நாள் கழித்து எடுங்கள்.

புது அடுப்பு வந்த முதல் நாளே விருந்தாளிகளை அழைத்துவிடாமல், வெறும் கரியைப் போட்டு ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். துளைகளைத் திறந்து மூடி, சூடு எப்படி ஏறி இறங்குகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். தணல் தணியும் நேரத்தில் ஓரமாக நாலு சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் போட்டுவைத்தால் வீட்டுக் குட்டீஸுக்கு அன்றைய ஸ்நாக்ஸும் ரெடி.