ஒரு பழைய செற்றியின் விலை

குறூருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடித் தொகுதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே புதிதாகக் குடிவந்த ஒரு தமிழ்க் குடும்பம். தெரிந்தவர் ஒருவர் நல்ல செற்றி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பழையதை என்ன செய்வது? வெள்ளிக்கிழமை இரவு கணவரும் மைத்துனரும் சேர்ந்து அதைக் கீழே இறக்கி, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறார்கள். "லொறி வரும்தானே, கொண்டுபோகட்டும்" என்பது நினைப்பு.

லொறி வருகிறது. தொட்டியைக் கொட்டிக்கொண்டு போகிறது. செற்றி நின்ற இடத்திலேயே நிற்கிறது. மறுநாள் யாரோ அதன்மேல் ஒரு மெத்தையைப் போடுகிறார்கள். பிறகு ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி, இரண்டு பை உடுப்பு. ஒரு கிழமைக்குள் குவியல் ஆகிவிடுகிறது. வாசற்கதவில் நோர்வேஜிய மொழியில் ஓர் அறிவித்தல் ஒட்டப்படுகிறது. சலவை அறையில் ஒரு பேச்சும் எழுகிறது: "வெளிநாட்டவர் வந்த பிறகுதான் இப்படி." மெத்தையைப் போட்டவர் நோர்வேஜியராகவே இருக்கலாம். ஆனால் எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது செற்றிதான்.

எம்மவர் அசுத்தமானவர்கள் அல்லர். விடியமுன் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வளர்ந்தவர்கள் நாம். ஊரில் ஒவ்வொரு வளவிலும் ஒரு குப்பைக் கிடங்கு இருந்தது. சருகும் சாம்பலும் மாட்டெருவும் அதற்குள் போய், பிறகு தென்னைக்கும் தோட்டத்துக்கும் பசளையாகின. மிஞ்சியதைக் கொளுத்தினோம். செற்றி உடைந்தால் தச்சரிடம் கொடுத்தோம். எறிவதற்கென்று பெரிய பொருள் எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. இங்கே வளவு இல்லை, கிடங்கு இல்லை, கொளுத்தவும் முடியாது. ஆனால் எறிய வேண்டிய பொருள் மட்டும் நிறைய உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நோர்வேயின் சூழல் மாசடைதல் தடுப்புச் சட்டம் 1981 மார்ச் 13ஆம் திகதியைக் கொண்டது. அதன் 28ஆம் பிரிவு, பார்வைக்கு அருவருப்பாகவோ சூழலுக்குத் தீங்காகவோ இருக்கக்கூடிய விதத்தில் கழிவை எவரும் கொட்டவோ விட்டுச் செல்லவோ வைத்திருக்கவோ ஏற்றிச் செல்லவோ கூடாது என்கிறது. கடதாசித் துண்டும் இதில் அடங்கும், காட்டோரத்தில் இறக்கிய ஒரு வான் நிறைந்த சாமானும் அடங்கும். இச்சட்டத்தை மீறுவதற்குத் தண்டப்பணமும், பாரதூரமானவற்றுக்குச் சிறைத்தண்டனையும் உண்டு.

37ஆம் பிரிவு கொம்யூனுக்கு அதிகாரம் கொடுக்கிறது. கழிவை விட்டுச் சென்றவரே அதை அகற்ற வேண்டும் என்று கட்டளையிடலாம். வேறு யாராவது அகற்றியிருந்தால் அந்தச் செலவைக் கட்டச் சொல்லலாம். கட்டளைக்குப் பணியாவிட்டால், பணியும்வரை ஏறிக்கொண்டே போகும் "த்வாங்ஸ்முல்க்த்" எனப்படும் கட்டாயப் பணமும் விதிக்கப்படலாம்.

கைவிடப்பட்ட வாகனங்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். வாகனத்தை விட்டுச் சென்ற நேரத்தில் உரிமையாளராக இருந்தவரையும் கேட்கலாம், கட்டளை பிறப்பிக்கும்போது உரிமையாளராக இருப்பவரையும் கேட்கலாம். ஆகவே பழைய காரை நண்பருக்குக் கொடுக்கும்போது உரிமைமாற்றப் பதிவை அன்றைக்கே செய்துவிடுங்கள்.

இவற்றோடு வீதி ஒழுங்கு விதிகளும் உண்டு. 1995ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டத்தின்படி, பொது இடங்களில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகளைக் கொம்யூன் தானே ஆக்கலாம். அவற்றை மீறுவோருக்குப் பொலிசார் தண்டம் விதிக்கலாம். எனவே வீதியில் குப்பை எறிவதும், பற்றைக்குள் சாமான் கொட்டுவதும், தொட்டியருகே செற்றி வைப்பதும் "சின்னப் பிழை" என்று சிரித்துவிட்டுப் போகும் விடயங்கள் அல்ல.

கடிதம் வந்தால்

பொலிசாரிடமிருந்து வரும் தண்டப்பணக் கடிதத்தை "ஃபோறலெக்" என்பார்கள். அதை ஏற்றுக் கையொப்பமிட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமாகும். ஏற்காவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டில் எதைச் செய்வதென்பது உங்கள் முடிவு. ஆனால் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்து மறந்துவிடுவது மட்டும் முடிவாகாது.

எமது குடும்பங்களுக்கு இதில் இன்னொரு அக்கறையும் இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தின்போது பழைய தண்டனைகளும் பார்க்கப்படுகின்றன. தண்டப்பணத்தின் அளவைப் பொறுத்துக் காத்திருக்கும் காலம் நீளலாம். ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த ஒருவருக்கு, ஒரு வான் குப்பைக்காக இன்னும் காத்திருப்பது எவ்வளவு பெரிய விலை!

கடிதத்தை வாசித்து விளக்கும் பொறுப்பைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதை, அரச அலுவலகங்களுக்கே 2022 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் பொதுவாகத் தடுத்திருக்கிறது. மொழி தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

இரண்டு முறை கட்டுகிறோம்

தண்டப்பணம் வராவிட்டாலும் செற்றி சும்மா போவதில்லை. வீட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒரு லொறியைக் கூப்பிட்டு அந்தக் குவியலை ஏற்ற வேண்டும். அந்தச் செலவு மாதாந்தப் பொதுச்செலவில் ஏறி, குடியிருக்கும் அத்தனை பேரின் தலையிலும் விழும். வைத்தவரும் கட்டுவார், வைக்காதவரும் கட்டுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் செற்றியை ஒழுங்காக அகற்றுவதற்கான பணத்தை அக்குடும்பம் ஏற்கெனவே கட்டிவிட்டது. கொம்யூன் அறவிடும் கழிவகற்றற் கட்டணம் வாடகைக்குள்ளோ பொதுச்செலவுக்குள்ளோ அடங்கியிருக்கிறது. அந்தப் பணத்தில்தான் ஹறல்ட்ரூட், குறொன்மோ, ஸ்மெஸ்தாட் போன்ற இடங்களிலுள்ள மீள்சுழற்சி நிலையங்கள் நடக்கின்றன. ஒஸ்லோவாசிகள் தங்கள் வீட்டுக் கழிவை அங்கே கட்டணமின்றி ஒப்படைக்கலாம். சரியான வழிக்கு ஒருமுறைதான் கட்டுகிறோம். பிழையான வழிக்கு இரண்டாம் முறையும் கட்டுகிறோம்.

மற்றப் பொருட்களுக்கும் வழி இருக்கிறது. பழைய தொலைக்காட்சி, மிக்சி, பிறிஜ் முதலியவற்றை, அவ்வகைப் பொருட்களை விற்கும் கடை இலவசமாகத் திரும்ப எடுக்க வேண்டும். இந்த விதி 1999 முதல் இருக்கிறது. ஓடாத காரை அங்கீகாரம் பெற்ற உடைக்கும் நிலையத்தில் கொடுத்தால் எமக்கே பணம் தருவார்கள். "வ்ராக்பன்ட்" என்னும் இந்த ஏற்பாடு 1978 முதல் நடக்கிறது. வெறும் சோடாப் போத்தலுக்கும் தகரப் பேணிக்கும் கடையிலுள்ள இயந்திரம் 2 அல்லது 3 குரோணர் தருகிறது. இந்தத் தொகை 2018இல் கூட்டப்பட்டது.

சமையலறைக் கழிவுக்குப் பச்சைப் பை. ஒஸ்லோவின் பலசரக்குக் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும். மீன் முள்ளும் கறி எலும்பும் பழைய சோறும் அதற்குள் போக வேண்டும். பையை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். 2009 முதல் இயங்கும் ஆலையில் இயந்திரக் கண் பையின் நிறத்தைப் பார்த்தே பிரிக்கிறது. முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் கலந்துவிடும். பச்சைப் பையில் போனது உயிர்வாயுவாகிப் பஸ்களுக்கு எரிபொருளாகிறது, மிச்சம் வயலுக்குப் பசளையாகிறது. ஊரின் குப்பைக் கிடங்கு செய்த வேலையைத்தான் இந்த ஆலையும் செய்கிறது. பெரிதாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

தண்டம் மட்டும் போதுமா?

சிங்கப்பூரை எம்மவர் அடிக்கடி உதாரணம் சொல்வார்கள். அங்கே 1968இல் சுத்த இயக்கம் தொடங்கியது. கடுமையான தண்டங்கள் வந்தன. 1992 முதல், குப்பை எறிந்தவர்களைப் பொது இடங்களைக் கூட்ட வைக்கும் தண்டனையும் சேர்ந்தது. கூட்டுபவர் யாரென்று ஊர் பார்க்கும். வெட்கமே அந்தத் தண்டனையின் பாதி.

நோர்வேயிலும் மனிதர் கூட்டுகிறார்கள், ஆனால் தண்டனையாக அல்ல. ஒஸ்லோவில் 1976 முதல் வசந்தகாலத்தில் "ருஸ்கன்" என்ற துப்புரவு இயக்கம் நடக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளும் அயலவரும் கையுறை போட்டுக்கொண்டு, பனி உருகியதும் வெளிப்படும் குப்பையைப் பொறுக்குகிறார்கள். இப்படிக் கூலியில்லாமல் கூடிச் செய்யும் வேலைக்கு "டுக்னாட்" என்று பெயர். 2004இல் இதையே நோர்வேயின் தேசியச் சொல்லாகத் தெரிவு செய்தார்கள். கோயில் திருவிழாவுக்கு முன் வீதியைச் செருக்கித் துப்புரவாக்கிய எமக்கு இது புதிய விடயமா என்ன?

கொட்டிய குப்பை நாங்கள் கொட்டிய இடத்தில் நிற்பதுமில்லை. 2017 ஜனவரியில் பேர்கனுக்கு அருகிலுள்ள சூத்ரா தீவில் நோயுற்ற திமிங்கிலம் ஒன்று கரையொதுங்கியது. அதன் வயிற்றில் ஏறத்தாழ 30 பிளாஸ்திக் பைகள் இருந்தன. அவை எந்த நாட்டவர் எறிந்த பைகள் என்று எவராலும் சொல்ல முடியாது.

விதியை ஆக்குபவர் யார்?

கடைசியாக ஒன்று. இந்த விதிகளும் கட்டணங்களும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒஸ்லோ நகரசபையில் கை உயர்த்தித் தீர்மானிக்கப்படுகின்றன. நோர்வேயில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பதிவுடன் வசித்த 18 வயது வந்தவர்கள், குடியுரிமை இல்லாவிட்டாலும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்த உரிமை 1983 முதல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்ஷாயினி குணரத்தினம் 2015 முதல் 2021 வரை இந்நகரின் துணை மேயராகவே இருந்தார். கடந்த தேர்தல் 2023இல் நடந்தது, அடுத்தது 2027இல்.

எங்கள் தொகுதியில் தொட்டி போதாதென்றால், பெரிய சாமான் ஏற்றும் லொறி ஆண்டுக்கு இரண்டு முறையாவது வர வேண்டுமென்றால், வீட்டுக் கூட்டுறவின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். மொழி தடுமாறினாலும் பரவாயில்லை. கார் இல்லாத குடும்பத்துக்குக் கார் உள்ள குடும்பம் ஒரு சனிக்கிழமை உதவலாம்.

அந்தச் செற்றி இன்னும் தொட்டியடியில்தான் நிற்கிறதா? இன்றைக்கே மைத்துனரைக் கூப்பிடுங்கள். இரண்டு பேர் தூக்கினால் போதும். வரும் வசந்தத்தில் வாசற்கதவில் டுக்னாட் அறிவித்தலைக் கண்டால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். சலவை அறைப் பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.