எந்த வாக்கியம் இயல்பானது?

ஆங்கில வகுப்புக்குச் செல்லும் எம்மவரைத் திகைக்க வைக்கும் பயிற்சி ஒன்றுண்டு. ஆசிரியர் இரண்டு வாக்கியங்களை எழுதி, "இவற்றுள் இயல்பானது எது?" என வினவுவார். இரண்டிலும் பொருள் விளங்குகிறது. ஆயினும் இந்நாட்டவர் ஒன்றையே பேசுவர். காரணத்தை அறிய நாம் முதலில் எம் தாய்மொழியை நோக்க வேண்டும்.

"மூன்று நாட்களாகக் காய்ச்சல் இருக்கிறது" என்பது தமிழில் நிகழ்காலம். அதனையே பின்பற்றி, "ஐ ஆம் ஹாவிங் பீவர் சின்ஸ் த்ரீ டேய்ஸ்" என்று வைத்தியரிடம் கூறுகின்றோம். ஆங்கிலமோ, முன்னர் தொடங்கி இன்னும் நீடிப்பதை வேறொரு வினைவடிவத்தாற் சுட்டும். "ஐ ஹாவ் ஹாட் எ பீவர் போர் த்ரீ டேய்ஸ்" என்பதே இயல்பு. 'சின்ஸ்' தொடங்கிய நாளைக் குறிக்கும். 'போர்' கழிந்த கால அளவைக் குறிக்கும். திங்கள் முதல் எனின் 'சின்ஸ் மண்டே' எனலாம். வைத்தியர் எதனையும் விளங்கிக்கொள்வார். இங்கு பிழையால் வரும் கேடு சிறிது.

விசாரணை அறையில் நிலைமை வேறு. "ஐ லிவ்ட் இன் கொழும்பு போர் ரூ இயர்ஸ்" எனின், இரண்டாண்டுகள் வாழ்ந்தேன், இப்போது அங்கில்லை என்பது பொருள். 'ஹாவ் பீன் லிவிங்' என்றால், இன்னும் அங்கேயே வாழ்கிறேன் என்றாகிவிடும். லண்டனில் இருந்துகொண்டு இவ்வாறு கூறினால், அது முரண்பாடாகப் பதிவாகக்கூடும். ஆகையால் புகலிட விசாரணையில் தமிழிலேயே பேசுங்கள். பிரித்தானியாவிலும் கனடாவிலும் மொழிபெயர்ப்பாளரை அதிகாரிகளே ஒழுங்கு செய்து தருவர். எமது ஆங்கிலப் புலமையைக் காட்டுவதற்கு அது இடமன்று.

அடுத்தது மரியாதை. "நீங்கள் எனக்கு உதவ வேண்டும்" என்பது தமிழில் பணிவான வேண்டுகோள். "யூ மஸ்ற் ஹெல்ப் மீ" என்றதும் அது கட்டளையாகிவிடுகின்றது. நாம் 'தாருங்கள்', 'சொல்லுங்கள்' என்று வினைச்சொல்லின் ஈற்றில் மரியாதையை வைக்கின்றோம். ஆங்கிலத்தில் அத்தகைய ஈறு இல்லை. அங்கே மரியாதை வினாவிலே தங்கியிருக்கும். "குட் யூ ஹெல்ப் மீ, பிளீஸ்?" என்பதே அலுவலகத்துக்கும் கடைக்கும் ஏற்றது. மனத்தில் பணிவிருந்தும் எம்மவர் பலர் முரடர் எனக் கருதப்படுவது இந்த ஒரு சொல்லாலேயே.

'அப்ரெய்ட்' என்ற சொல்லையும் கவனியுங்கள். "ஐ ஆம் அப்ரெய்ட் ரு கோ பாக்" என்றால் திரும்பிச் செல்ல அஞ்சுகிறேன் என்பதாகும். "ஐ ஆம் அப்ரெய்ட் ஐ காண்ட் கம் ருமோறோ" என்பதில் அச்சமில்லை. நாளை வரமுடியாமைக்கு வருந்துகிறேன் என்பதே அதன் கருத்து. வேலைக்கு வரமுடியாத நாளில், "ஐ ஆம் நொட் கமிங்" என வெட்டெனச் சொல்வதிலும் இது நன்று.

சொற்களைத் தனித்தனியே மனனம் செய்து தமிழ் ஒழுங்கில் கோப்பதால் இவ்வியல்பு கைவராது. பேருந்திலும் வேலைத்தலத்திலும் செவியில் விழும் வாக்கியத்தை முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். யார், யாரிடம், எப்போது கூறினார் என்பதையும் அருகில் எழுதுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளைகளிடம் கேட்டறிவதிலும் இழுக்கில்லை.

அப்பிள்ளைகளோ, "நான் பஸ் எடுத்தேன்" என்று எம்மிடம் தமிழ் பேசுகின்றனர். அவர்களை நகையாது, "பஸ்ஸில் வந்தேன்" எனத் திருத்துவோம். அவர்கள் எமக்கு ஆங்கிலத்தின் இயல்பைத் தரட்டும். நாம் அவர்களுக்குத் தமிழின் இயல்பைத் தருவோம்.