லாரியின் அடியில் ஓடும் அலை

1941 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள். ஜெர்மானியப் படைகள் முற்றுகையிட்டிருந்த லெனின்கிராட் நகரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி என்று அளவு குறைக்கப்பட்டது. தொழிலாளருக்கு மட்டும் 250 கிராம். தரைவழிகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. எஞ்சியிருந்த லடோகா ஏரியும் உறையத் தொடங்கியதால் படகுகள் நின்றுபோயின. நவம்பர் 22 அன்று அந்தப் பனிக்கட்டியின் மேலேயே லாரிகள் இறங்கின. ஏறத்தாழ 30 கி.மீ. கடந்தால் மறுகரையில் மாவு மூட்டைகள் இருந்தன.

பனிக்கட்டி ஒரு லாரியை எப்படித் தாங்குகிறது? பாலத்தைப் போல அது இரு கரைகளிலும் ஊன்றி நிற்கிறது என்று பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. அது மிதக்கும் தகடு. லாரி ஏறியதும் அது ஓர் அகன்ற தட்டைப் போலச் சற்றே குழிகிறது. குழிந்த இடத்திலிருந்து விலகும் நீரின் எடை, லாரியின் எடைக்குச் சமமானதும் குழிவது நிற்கிறது. ஆக, லாரியைச் சுமப்பது நீர்தான். பாரத்தை உடையாமல் பரப்பிக் கொடுப்பதே பனிக்கட்டியின் வேலை.

இதற்கு எளிய கணக்கு ஒன்றைக் கனடா நாட்டு அறிவியலறிஞர் கோல்டு 1971 இல் வெளியிட்டார். பனிக்கட்டியின் கனத்தைச் செ.மீ. அளவில் எடுத்து, அதை வர்க்கமாக்கி, 4 ஆல் பெருக்கினால் அது தாங்கத்தக்க எடை கிலோகிராமில் கிடைக்கும். 1 மீட்டர் கனத்துக்கு 40 டன். 20 செ.மீ. கனத்துக்கோ 1,600 கிலோதான். லடோகாவில் ஓடிய சிறிய லாரி, சுமையில்லாமலே 1,800 கிலோ எடையுள்ளது! எனவேதான் முதல் நாள்களில் சில மூட்டைகளை மட்டும் லாரியில் ஏற்றி, மற்றவற்றைப் பின்னால் கட்டிய சறுக்கு வண்டிகளில் இழுத்துச் சென்றார்கள்.

ஆயினும் ஒரு புதிர் இருந்தது. பாரம் ஏற்றிய லாரிகள் பத்திரமாகக் கடந்த இடத்தில், இலேசான லாரிகள் மூழ்கின. லெனின்கிராட் இயற்பியல் தொழில்நுட்ப நிலைய அறிஞர்கள் இதை ஆராய வந்தனர். அவர்களில் ஒருவரான நாவும் ரெய்னோவ், பனிக்கட்டியின் வளைவைத் தானே பதிவு செய்யும் கருவி ஒன்றை அமைத்தார்.

விடை இதுதான். லாரி நகரும்போது அதன் அடியிலுள்ள குழியும் கூடவே நகர்கிறது. நீரில் ஓர் அலை எழுகிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பதால் கிடைக்கும். ஆழம் 10 மீட்டரானால் வினாடிக்கு 9.9 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ. (பனிக்கட்டியின் விறைப்பு இதைச் சிறிது மாற்றும்; அதை இங்கே விட்டுவிடுவோம்.) லாரி மெதுவாகச் சென்றால் அலை முன்னே விலகிப் போய்விடும். இரண்டும் ஒரே வேகத்தில் சென்றாலோ அலைக்கு விலக வழியில்லை. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல லாரி அதை வளர்த்துக்கொண்டே போகும், பனிக்கட்டி உடையும். இலேசான லாரி விரைந்து ஓடிய காரணத்தாலேயே மூழ்கியது! ஆபத்தான வேகம் மணிக்கு 35 கி.மீ. அளவில் இருப்பதாகக் கண்டு, அதைத் தவிர்க்க விதிகள் வகுத்தார்கள்.

ஓட்டுநர்கள் பட்ட பாடு தனி. மூழ்கினால் குதித்துத் தப்புவதற்காக லாரிக் கதவுகளைக் கழற்றிவிட்டு அந்தக் கடுங்குளிரில் ஓட்டினார்கள். மேலே விமானத் தாக்குதல். தூக்கம் வராதிருக்க, தலைக்கருகே உலோகப் பாத்திரத்தைத் தொங்கவிட்டு, அது மோதி ஓசையெழுப்பும்படி செய்தவர்களும் உண்டு. 1942 ஏப்ரல் 24 வரை 3,60,000 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு இவ்வழியே வந்தது. 5 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வெளியேறினர்.

அதே இயற்பியல்தான் இன்று கனடாவின் வடபகுதி ஓட்டுநர்களையும் ஆள்கிறது. எல்லோநைஃப் நகருக்கு அப்பால் உள்ள சுரங்கங்களுக்காக 1982 முதல் ஆண்டுதோறும் ஏரிகளின் மீது குளிர்காலச் சாலை ஒன்று அமைக்கப்பட்டு வருகிறது. வெண்பனி கம்பளிபோலக் குளிரைத் தடுப்பதால், முதலில் அதை வழித்தெடுக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டே மாதங்களுக்குள் ஓராண்டுக்கான எரிபொருளும் தளவாடங்களும் போய்ச் சேர வேண்டும். 2006 இல் குளிர் போதாமல் சாலை முன்னதாக மூடப்பட்டபோது, மீதிச் சரக்கைப் பெருஞ்செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தது.

அவ்வளவு அவசரத்திலும் பாரம் ஏற்றிய லாரி மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. 5 மீட்டர் ஆழமுள்ள நீரில் அலையின் வேகமும் ஏறத்தாழ அதுவே. எனவே கரையை நெருங்க நெருங்க, ஆழம் குறையக் குறைய, ஓட்டுநர் இன்னும் மெதுவாகச் செல்கிறார். களைத்துப்போய் ஏரி நடுவே நெடுநேரம் நிறுத்திவிடவும் முடியாது. நின்ற பாரத்தின் கீழ் பனிக்கட்டி சிறிது சிறிதாகத் தொய்ந்துகொண்டே போகும்.